மூன்று கால் உள்ளான்

ஓர் ஏரி ஏரியாக இருப்பதற்குத் தண்ணீர் மட்டும் போதாது. அலுவலகத்தில் அதற்கு ஒரு கோப்பும் இருக்க வேண்டும். தண்ணீர் வற்றினால் அடுத்த ஐப்பசியில் நிரம்பிவிடும். கோப்பு வற்றினால் நிரப்புவதற்கு எந்த மேகமும் கிடையாது. விருத்தாசலத்திலிருந்து கருவேப்பிலங்குறிச்சி போகிற வழியில் சித்தேரி என்று ஒரு சின்ன ஏரி இருக்கிறது. அதன் கோப்பு ஒரு வருடம் வற்றியது.

நீர்நிலைகள் மறுவகைப்பாட்டுத் தனி அலுவலகம் என்ற ஒன்று நகரத்தில் ஒரு வாடகை மாடியில் இயங்கி வந்தது. ஏரி குளங்களைக் காப்பதற்காக ஏற்பட்ட அலுவலகம் அது. ஆனால் அதற்குச் சொந்தக் கட்டடம் இல்லை. சொந்தக் கட்டடம் இல்லாத அலுவலகத்தால் எதையும் முழுமனதோடு காக்க முடியாது என்பது நிர்வாகவியலின் முதல் பாடம். எனவே இடம் தேடினார்கள். சமதளமாக, வில்லங்கம் இல்லாமல், ஆட்சேபம் சொல்ல ஒரு வீடுகூடப் பக்கத்தில் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தேடியபோது சித்தேரி கண்ணில் பட்டது. வருடத்தில் நான்கு மாதம் காய்ந்து கிடப்பதால் அது 'பயன்பாடு குறைந்த நீர்நிலை' என வகைப்படுத்தப்பட்டது. அதை மண் கொட்டி மேடாக்கி, நீர்நிலைகள் பாதுகாப்பு வளாகம் கட்டுவதென்று முடிவாயிற்று. வளாகத்தின் முகப்பில் ஒரு செயற்கை நீரூற்றுக்கும் திட்டம் இருந்தது.

சித்தேரிக்குக் கீழே நாற்பத்தெட்டு ஏக்கர் நெல் விளைகிறது. அதில் இரண்டரை ஏக்கர் மாயவனுடையது. அவர் ஊர்க்காரர்கள் ஏழு பேரோடு தனி அலுவலர் கோதண்டபாணியைப் பார்க்க வந்தார்.

கோதண்டபாணியைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். அவர் கெட்டவர் இல்லை. இருபத்தாறு வருடப் பணியில் யாரிடமும் ஒரு டீ கூட வாங்கிக் குடித்ததில்லை. இதனால் அவரை எதைக் கொண்டும் நகர்த்த முடியாது என்று பெயர்.

"நெல்லு எங்க வரம்புல வராதுங்க," என்றார் அவர். "அது வேளாண்மைத் துறை. நாங்க தண்ணி."

"தண்ணியிலதானுங்க நெல்லு வெளையுது?" என்றார் மாயவன்.

"அது உங்க அனுபவம். விதியில இல்ல." அவர் ஒரு புத்தகத்தைப் புரட்டினார். "விதியில பறவைதான் இருக்குது. ஏழாவது விதி. நீரில் நின்று இரை தேடும் பறவைகள் பயன்படுத்தும் ஏரியை மறுவகைப்படுத்தலாகாது. அதற்குச் சான்றாக இயற்கையான ஒளிப்படம் ஒன்று தொண்ணூறு நாட்களுக்குள் சமர்ப்பிக்கப்பட வேண்டும்."

மாயவனின் முகம் மலர்ந்தது. "பறவைதானுங்களா? தை மாசம் தண்ணி முழங்காலுக்கு எறங்குனா வந்து மொய்க்குது. இப்பவே வாங்க, காட்டுறேன்."

"நான் பார்த்தா அது வெறும் பார்வை. போட்டோ எடுத்தாத்தான் சான்று."

மாயவன் கவலைப்படவில்லை. அவருடைய தங்கை செல்வநாயகி, ஜங்ஷன் ரோட்டில் ஸ்டுடியோ வைத்திருந்தாள்.

பாஸ்போர்ட் சைஸ், கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு என்று பதினெட்டு வருடமாகப் படம் எடுத்துப் பிழைத்து வருகிறவள் அவள். அந்தத் தொழிலில் படம் எடுப்பது கால்வாசி, திருத்துவது முக்கால்வாசி. பெண்ணுக்கு நிறம் கூட்ட வேண்டும், மாப்பிள்ளைக்குத் தொப்பை குறைக்க வேண்டும், சம்பந்திச் சண்டையில் முறைத்துக்கொண்டு நின்ற சித்தப்பாவைச் சிரிக்க வைக்க வேண்டும். அவள் திருத்தித் தந்த ஆல்பங்களைப் பார்த்து இது யார் வீட்டுக் கல்யாணம் என்று கேட்ட பெற்றோர் உண்டு. கேட்டுவிட்டு, ரொம்ப நல்லா வந்திருக்குது என்று வாங்கிப் போவார்கள்.

வாரத்தில் ஒரு நாள் மட்டும் அவள் யாரையும் அழகாக்குவதில்லை. ஞாயிறு விடிகாலையில் சித்தேரிக் கரைச் சேற்றில் ஒரு சாக்கை விரித்து, பறவையின் கண்மட்டத்துக்குக் குப்புறப் படுத்து, மணல் நிரப்பிய அரிசிப்பையின் மேல் கேமராவை வைத்துக் காத்திருப்பாள். அங்கே வருபவற்றில் அவளுக்குப் பிடித்தது பவளக்கால் உள்ளான். உடம்பு வெள்ளை, சிறகு கறுப்பு, ஊசி போன்ற அலகு, அதற்குக் கீழே நம்ப முடியாத அளவுக்கு நீளமான, மெல்லிய, இளஞ்சிவப்புக் கால்கள். கால்களைச் செய்துவிட்டு, மிச்சமிருந்ததில் பறவையைச் செய்தது போல இருக்கும். இந்தப் படங்களுக்கு அவள் ஒரே ஒரு விதி வைத்திருந்தாள். கண் பார்த்ததைக் கேமரா தவறவிட்டிருந்தால் அதைத் திருப்பிக் கொடுக்கலாம். கண் பார்க்காத எதையும் சேர்க்கக் கூடாது.

அண்ணன் வந்து சொன்னதும் சிரித்தாள். "இவ்ளோதானா? அவங்க கேக்குறது நான் பொழுதுபோக்குக்குப் பண்றது."

முதலில் கேமரா தந்த படத்தை அப்படியே அனுப்பினாள். இயற்கையான படம் என்று கேட்டிருந்ததால், கை வைப்பது மரியாதையில்லை என்று நினைத்தாள். பத்து நாளில் பதில் வந்தது.

"பார்வையில் காணும் ஒளிப்படம் பரிசீலிக்கப்பட்டது. படம் மங்கலாக உள்ளதால் பறவையின் இருப்பு ஐயத்துக்கிடமாக உள்ளது. தெளிவான படத்தைச் சமர்ப்பிக்கக் கனிவுடன் கேட்டுக்கொள்ளப்படுகிறது."

அவள் தன் விதிப்படி திருத்தினாள். வெயிலில் வெளுத்துப்போயிருந்த மார்பில் வெளிச்சத்தைக் கொஞ்சம் இறக்கினாள். கறுப்புச் சிறகில் இறகுகள் தெரியும் அளவுக்கு நிழலைக் கொஞ்சம் ஏற்றினாள். கால்களைத் தொடவேயில்லை. பத்து நாளில் பதில் வந்தது.

"இரண்டாம் ஒளிப்படம் பரிசீலிக்கப்பட்டது. படம் தெளிவாக உள்ளது. முந்தைய படம் மங்கலாக இருந்த நிலையில் இப்படம் தெளிவாக இருப்பது ஐயத்துக்கிடமாக உள்ளது. நேரில் ஆஜராகி விளக்கம் அளிக்கவும்."

அவள் நேரில் போனாள். கோதண்டபாணி இரண்டு படங்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார்.

"எடிட் பண்ணீங்களாம்மா?"

"பண்ணேன் சார்."

"ஒத்துக்கிறீங்க."

"ஒளிக்க என்னா இருக்குது? கண்ணுல பார்த்தது எப்பிடியோ அப்பிடிக் கொண்டாந்தேன். நம்ம கண்ணு அளவுக்குக் கேமராவுக்குப் பத்தாது சார்."

"அப்போ முதல் படம் குறையுள்ளது. இரண்டாவது படம் திருத்தப்பட்டது." அவர் வருத்தத்தோடு சொன்னார். "இதுல இயற்கை எங்கம்மா இருக்குது?"

"ஏரியில இருக்குது சார்."

கோதண்டபாணி அதைக் குறித்துக்கொள்ளவில்லை. படத்தில் கால்களைப் பென்சிலால் சுட்டினார். "இந்தச் செவப்பு?"

"அது அதோட நெறம் சார். பேரே பவளக்கால் உள்ளான்."

"பேரை வச்சு எப்படி முடிவு பண்றது? என் பேரு கோதண்டபாணி. கையில வில்லு இருக்குதா?"

இருந்தது பென்சில்தான்.

ஐயம் என்று வந்துவிட்டால் குழு அமைப்பது முறை. இயற்கைத்தன்மை உறுதிப்பாட்டுக் குழு அமைக்கப்பட்டது. தலைவர் கோதண்டபாணி. குறிப்பெழுத உதவியாளர் சிவசங்கரி. வல்லுநராகக் கானுயிர் ஒளிப்படக் கழகத் தலைவர் பிரவீன்குமார்.

பிரவீன்குமாரை ஊரில் எல்லோருக்கும் தெரியும், அவர் யார் கண்ணிலும் படாமலிருக்க அத்தனை பாடுபட்டும். பச்சையும் பழுப்பும் திட்டுத் திட்டாக இருக்கும் காட்டு உடையில்தான் எப்போதும் இருப்பார். வங்கி வரிசையிலும் அதுதான். குழந்தையைத் தூக்குவது போல ஒரு நீண்ட லென்ஸைத் தூக்கிக்கொண்டு திரிவார். அவர் படங்களில் நண்பகலுக்கும் அந்திவானம் இருக்கும். முப்பது நாளும் பௌர்ணமி. நாரை எந்தப் பக்கம் திரும்பினாலும் நிலா அதன் தலைக்குப் பின்னால் வந்து நிற்கும். படத்துக்குக் கீழே 'நோ எடிட், பியூர் நேச்சர்' என்று எழுதுவார். நாலாயிரம் பேர் இதயம் போடுவார்கள்.

அவர் செல்வநாயகியின் படத்தை உற்றுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "சார், இதுல பாப் இல்ல."

"பாப்புன்னா?"

"நேச்சர் பார்த்தவொடனே நம்மள அடிக்கணும் சார். இது சும்மா நிக்குது. இந்தக் காலு இன்னும் நல்லா தகதகன்னு இருக்கணும்."

"நான் அதிகமா செவந்திருக்குதுன்னு நினைச்சேன்."

"கம்மி சார். ரொம்பக் கம்மி."

நிறம் கூடுதல் என்று தலைவரும் குறைவு என்று வல்லுநரும் சொன்னதால், சரியாக இருக்கக்கூடும் என்ற எண்ணம் குறிப்பெழுத வந்த சிவசங்கரிக்குத் தோன்றியது. "சார், பேசாம ஏரிக்குப் போய்ப் பார்த்துட்டா?" என்றாள்.

போனார்கள். உள்ளான்கள் முழங்கால் தண்ணீரில், அலகால் தண்ணீரைக் குத்திக்கொண்டு, குழு வந்திருப்பதை அறியாமல் நின்றன. ஒருவர் எழுதுவதை இன்னொருவர் பார்க்காமல் கால்களின் நிறத்தை எழுத வேண்டும் என்று தலைவர் உத்தரவிட்டார். பிரித்துப் பார்த்தபோது தலைவர் 'செங்கல் நிறத்தை ஒத்தது' என்று எழுதியிருந்தார். வல்லுநர் 'மெஜந்தா' என்று எழுதியிருந்தார். சிவசங்கரி 'உள்ளான் கால் நிறம்' என்று எழுதியிருந்தாள்.

"பார்த்தீங்களா?" என்றார் கோதண்டபாணி. "ஆறு கண்ணு, மூணு நெறம். பார்வையை நம்பக் கூடாதுன்னு இதுக்குத்தான் சொல்றேன். மாறாத ஒரு அளவு வேணும். எடைக்குப் படிக்கல்லு இருக்குற மாதிரி, பறவைக்கு ஒண்ணு."

இந்தச் சிக்கல் வேறு ஊரில் வந்திருந்தால் அங்கேயே நின்றிருக்கும். விருத்தாசலத்தில் நிற்காது. தீயில் வெந்து, கெட்டிப்பட்டு, கழுவினாலும் போகாத நிறம் வேண்டும் என்றால் இங்கே யாரும் யோசிப்பதில்லை. நேரே செராமிக் பேட்டைக்குப் போவார்கள். கோதண்டபாணி செல்வநாயகியின் படத்தை ஒரு கோப்பில் வைத்துக்கொண்டு, கொலு பொம்மையும் அகல் விளக்கும் செய்கிற கலியமூர்த்தியின் பட்டறைக்குப் போனார்.

கலியமூர்த்தி படத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். கிட்டே கொண்டுவந்து பார்த்தார்.

"நல்லா இருக்குது சார். ஆனா இது நிக்காது."

"ஏரியில நிக்குதே?"

"ஏரியில நிக்கும். சூளையில நிக்காது. இவ்ளோ மெலிசா கால் வச்சா சூட்டுல வளைஞ்சி படுத்துரும்."

"எவ்வளவு இருந்தா நிக்கும்?"

"கட்டைவெரல் மொத்தம். ரெண்டு இஞ்ச் ஒசரம். அதுக்கு மேல போனா என்னைக் கேக்காதீங்க."

"சரி. அலகு?"

"அதுவும் கட்டைவெரல்தான். இல்லன்னா அச்சுலேருந்து எடுக்கும்போதே ஒடைஞ்சிரும். அப்பறம் சார், வெந்தா நூத்துக்குப் பத்து சுருங்கிரும்."

"சுருங்கட்டும். நெறம்?"

"அங்கதான் பிரச்சனை. இந்தச் செவப்பு நம்ம சூட்டுக்குத் தாங்காது. ஓடிரும். பழுப்பாத்தான் வரும்."

"பழுப்பு ஓடாதா?"

"நூறு வருசம் ஆனாலும் அப்பிடியே இருக்கும்."

கோதண்டபாணி சூளையைப் பார்த்தார். உண்மை என்பது மாறாதது என்று அவர் எங்கோ படித்திருந்தார். ஓடிப்போகிற சிவப்பு உண்மையாக இருக்க முடியாது. "பழுப்பே போடுங்க."

"இன்னும் ஒண்ணு சார். ரெண்டு கால்ல நிறுத்துனா சாஞ்சிரும். பின்னாடி ஒரு முட்டு குடுக்கணும்."

"முட்டுன்னா?"

"இன்னொரு காலு மாதிரி."

இந்த இடத்தில் கோதண்டபாணி சற்றுத் தயங்கினார் என்பதை அவர் பெருமைக்காகப் பதிவு செய்ய வேண்டும். பிறகு அரசின் அளவுகோல் கீழே சாய்ந்தால் எவ்வளவு தலைகுனிவு என்பதை எண்ணிப் பார்த்தார். "குடுங்க," என்றார்.

மாதிரி உள்ளான், எண் ஒன்று, அடுத்த வாரம் அலுவலகத்துக்கு வந்தது. முக்காலி மேல் உட்கார்ந்த நிறைமாத வாத்து போல இருந்தது. அதை ஒரு கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். மாலை போட்டார்கள். பிரவீன்குமார் பல கோணங்களில் படம் எடுத்து, பின்னால் ஒரு பௌர்ணமி வைத்து, கழகத்தின் பக்கத்தில் போட்டார். பிறகு குழு கூடி, செல்வநாயகியின் படத்தை மாதிரியோடு ஒப்பிட்டு முடிவை அறிவித்தது.

"மேற்படி ஒளிப்படத்தில் பறவையின் கால் பன்மடங்கு நீட்டப்பட்டுள்ளது. தடிமன் குறைக்கப்பட்டுள்ளது. நிறம் மிகைப்படுத்தப்பட்டுள்ளது. மேலும் ஒரு கால் முற்றிலும் அழிக்கப்பட்டுள்ளது வன்மையாகக் கண்டிக்கத்தக்கது. எஞ்சிய பதினோரு நாட்களுக்குள் இயற்கையான படம் சமர்ப்பிக்கத் தவறும்பட்சத்தில் மண் கொட்டும் பணி தொடங்கப்படும்."

மாயவன் கடிதத்தை எடுத்துக்கொண்டு ஸ்டுடியோவுக்கு வந்தார். உட்காரவில்லை.

"ஏம்மா செல்வி, ஒரு கால எதுக்கு அழிச்ச?"

"அண்ணே!"

"இல்ல, கேக்குறேன். இருந்தா இருந்துட்டுப் போவுது, உனக்கு என்னா எடஞ்சல்?"

"நாப்பது வருசமா அந்த ஏரியப் பாக்குற. உள்ளானுக்கு எத்தன காலு?"

மாயவன் யோசித்தார். "பாத்திருக்கேன். எண்ணுனதில்லையே? கவருமெண்டுல எண்ணியிருப்பாங்கல்ல?"

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். மாயவன் குரலைத் தாழ்த்தினார்.

"டிப்பர் வண்டி பேசி முடிச்சிட்டாங்களாம். மண்ணு விழுந்துட்டா நாத்து நட முடியாது. நாத்து இல்லன்னா அந்த நெலத்த வச்சுக்கிட்டு நான் என்னாத்தப் பண்றது? உனக்குத் தெரியாததா? கல்யாணப் பொண்ணுங்கள எப்படியெல்லாமோ மாத்துற. ஒரு குருவிய மாத்தக் கூடாதா?"

"அது ஒண்ணத்தான் இதுவரைக்கும் மாத்தல."

"எங்களுக்காக மாத்தும்மா."

ஒன்பது நாள் அவள் மாற்றவில்லை. பத்தாம் நாள் கடையைப் பாதி அடைத்துவிட்டுக் கணினி முன் உட்கார்ந்தாள். மணப்பெண்களின் இடுப்பை ஒடுக்கப் பயன்படுத்தும் கருவியைத் தலைகீழாகப் பிடித்து உள்ளானின் கால்களைப் பருக்க வைத்தாள். முழங்காலுக்கு மேலே வெட்டி உடம்பை இறக்கி ஒட்டினாள். இளஞ்சிவப்பை உறிஞ்சி எடுத்தாள். அலகைக் கட்டைவிரல் ஆக்கினாள். கடைசியாக ஒரு காலை நகலெடுத்துப் பின்னால் வைத்தாள். பதினெட்டு வருடத் திறமை முழுவதும் தேவைப்பட்டது. முடிந்ததும் திரையில் ஏதோ ஒன்று அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. கண் மட்டும் உள்ளானுடையது.

கோதண்டபாணி அந்தப் படத்தைக் கண்ணாடிப் பெட்டியின் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இதை முதல்லயே கொண்டு வந்திருக்கலாமேம்மா. எதுக்கு எடிட் பண்ணி எடிட் பண்ணி நேரத்தை வீணாக்கினீங்க?"

எவ்விதத் திருத்தமும் இன்றி முற்றிலும் இயற்கையாக உள்ளது என்ற சான்றிதழ் முத்திரையோடு வழங்கப்பட்டது. டிப்பர் வண்டிகள் திரும்பிப் போயின. சித்தேரிக்கு விலக்கு கிடைத்தது, ஆண்டுதோறும் ஆய்வுக்குட்பட்டு. பிரவீன்குமாரின் கழகம் அந்தப் படத்துக்கு அவ்வாண்டின் இயற்கை ஒளிப்பட விருதை வழங்கியது. செல்வநாயகி விருதை வாங்கி ஸ்டுடியோ பீரோவில் ஆல்பங்களுக்குப் பின்னால் வைத்தாள். மாயவன் நாற்று நட்டார். நன்றாக விளைந்தது.

அடுத்த தை மாதம் ஆய்வு வந்தது.

கோதண்டபாணி கரையில் குடையோடு நின்று ஏரியைப் பார்த்தார். சான்றளிக்கப்பட்ட படத்தைப் பார்த்தார். மறுபடியும் ஏரியைப் பார்த்தார். சிவசங்கரி எண்ணி முடித்து, "நூத்தி எழுபத்திரெண்டு சார்," என்றாள்.

"அதுல படத்துல உள்ள பறவை எத்தனை?"

"ஒண்ணும் இல்ல சார்."

"அப்போ நீளமா, செவப்பா, ரெண்டு கால்ல நிக்குதே, இதுங்க யாரு?"

"உள்ளானுங்க," என்றார் மாயவன்.

"இல்லையே. உள்ளான் எப்படி இருக்கும்னு எங்ககிட்ட இருக்குது." அவர் செல்வநாயகியின் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா. நீங்க எடுத்த பறவை எங்கே?"

சொல்லியிருக்கலாம். இதுதான் சார் அது, படத்தில் இருப்பது நான் செய்தது என்று. சொன்னால் சான்றிதழ் செல்லாது, சான்றிதழ் செல்லாவிட்டால் ஏரி செல்லாது. கரையில் கூடியிருந்த ஊர்க்காரர்கள் நாற்பது பேரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இப்ப வெளியில போயிருக்குது சார்," என்றாள்.

கோதண்டபாணி கெட்டவர் இல்லை என்று ஏற்கெனவே சொல்லியாயிற்று. முப்பது நாள் தவணை கொடுத்தார். அதற்குள் சான்றளிக்கப்பட்ட பறவைகள் ஏரிக்குத் திரும்பியிருக்க வேண்டும்.

அன்று சாயங்காலம் பால் சொசைட்டி வாசலில் ஊர் கூடியது. கூட்டம் நீளவில்லை. ஓர் ஊர் ஒரு வருடம் அலுவலகத்தோடு பழகிவிட்டால் அதுவும் அலுவலகம் போலவே சிந்திக்கத் தொடங்கிவிடும். மறுநாள் மாயவன் கலியமூர்த்தியின் பட்டறையில் நின்றார்.

"உள்ளான் அறுபது வேணும். ஆவுமா?"

"அச்சு இருக்குது. முட்டு வச்சுத்தான் வரும்."

"முட்டு முக்கியம். அது இல்லன்னா ஒத்துக்க மாட்டாங்க."

அறுபது உள்ளான்களும் வைக்கோல் சுற்றி டிராக்டரில் வந்தன. ஆய்வுக்கு மூன்று நாள் முன்பு அவற்றை ஆழமில்லாத இடமாகப் பார்த்துச் சேற்றில் நட்டார்கள். கால் இரண்டு அங்குலமே ஆனதால் பாதிக்கு வயிறுவரை தண்ணீர் வந்தது. மதகைத் திறந்து தண்ணீரைக் கொஞ்சம் வெளியே விட்டுச் சரிசெய்தார்கள். பார்ப்பதற்கு அச்சு அசலாக இருந்தது.

இங்கேதான் ஊர் ஒரு பிழை செய்தது. நீரில் நடக்கிற பறவை, தன்னைப் போல் ஏதோ ஒன்று ஏற்கெனவே நிம்மதியாக நிற்கும் இடத்தைப் பார்த்துத்தான் இறங்கும். அறுபது பேர் அசையாமல் நிற்கிறார்கள் என்றால் அந்த ஏரி எவ்வளவு பத்திரமானதாக இருக்க வேண்டும்! கம்மாபுரத்துப் பக்கத்திலிருந்தும் எங்கெங்கிருந்தோ எல்லாம் உள்ளான்கள் வந்து இறங்கின. ஆய்வுக்கு வந்த கோதண்டபாணியை முந்நூறுக்கு மேற்பட்ட உயிருள்ள உள்ளான்கள் எதிர்கொண்டன. பீங்கான் உள்ளான்களுக்கு நடுவே அவை மெல்ல நடந்து, ஒவ்வொன்றின் அருகிலும் நின்று, மரியாதையாகத் தலை சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தன.

"வந்திருக்குது," என்றார் கோதண்டபாணி திருப்தியோடு. "சரியா அறுபது. ஆனா இந்த வெளியாளுங்க எல்லாம் யாரு? இப்படிக் கலந்து நின்னா நான் கலப்புன்னுதான் எழுதணும். கலப்புக்கு விலக்கு கிடையாது."

"ஒரு அஞ்சு நிமிசம் குடுங்க சார்," என்றார் மாயவன்.

கம்பு விளைகிற காலத்தில் குருவி விரட்டுவது போலத்தான். ஆளுக்கொரு தகரத்தை எடுத்துக்கொண்டு நான்கு கரையிலும் நின்று தட்டினார்கள். முந்நூறு உள்ளான்களும் ஒரே கணத்தில் கத்திக்கொண்டு எழும்பின. பறக்கும்போது அந்தக் கால்கள் வாலுக்குப் பின்னால் நீண்டு தொங்கும். காலை வெயில் அவற்றின் ஊடாக வந்தது. வானம் முழுக்கச் சிவப்புக் கோடு கோடாக இழுத்தது போல இருந்தது. செல்வநாயகி தன்னையறியாமல் கேமராவைத் தூக்கினாள்.

"மேல எதுக்கும்மா எடுக்கறீங்க?" என்றார் கோதண்டபாணி. "பறவை கீழே இருக்குது."

அறுபதில் ஒன்றுகூட எழும்பவில்லை. அவ்வளவு சத்தத்துக்கும் அசையாமல் நின்ற அந்தப் பறவைகளின் மன உறுதியை ஆய்வறிக்கை தனியாகப் பாராட்டியது. சித்தேரிக்கு நிரந்தர விலக்கு வழங்கப்பட்டது. நிபந்தனை ஒன்றுதான், சான்றளிக்கப்படாத பறவைகள் இறங்காமல் ஊர் பார்த்துக்கொள்ள வேண்டும். ஊர் பார்த்துக்கொண்டது. முறை வைத்துத் தகரம் தட்டினார்கள். இரண்டு மாதத்தில் உள்ளான்கள் வருவதை விட்டுவிட்டன.

ஏரியில் தண்ணீர் இருந்தது, கோப்பும் இருந்தது. நகரத்திலிருந்து விடுமுறை நாளில் குடும்பம் குடும்பமாக வந்து கரையில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். கொஞ்சம்கூடப் பயப்படாத பறவைகள் என்று ஆச்சரியப்பட்டார்கள். நல்லூர்ப் பக்கத்து ஏரிக்காரர்களும் கலியமூர்த்தியின் பட்டறை வாசலில் வந்து நின்றார்கள்.

சித்தேரி பாதுகாப்புக் குழுவின் சார்பில் காலண்டர் போடுவதென்று பொங்கலுக்கு முன் ஊர் முடிவு செய்தது. ஊர்க்காரர்கள் எல்லோரும் வேட்டி மடிப்புக் கலையாமல் கரையில் நிற்க, முன்னால் அறுபது உள்ளான்கள் நிற்க, செல்வநாயகி படம் எடுத்தாள். மறுநாள் மாயவனும் இன்னும் நாலு பேரும் ஸ்டுடியோவுக்கு வந்து திரையில் படத்தைப் பார்த்தார்கள். அவரவர் முகத்தைத் தேடிப் பார்த்து முடித்த பிறகு மாயவன் திரையின் வலது ஓரத்தில் விரலை வைத்தார்.

"இது என்னா?"

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். ஓரத்தில், பீங்கான் உள்ளான்கள் முடிகிற இடத்துக்கு அப்பால், எப்படியோ வந்து ஒன்றே ஒன்று நின்றுகொண்டிருந்தது. நீளமாக, மெலிதாக, இரண்டு காலில்.

"யார்ரா அது, அன்னைக்கு மொறை யாருது?" என்றார் ஒருவர்.

"படம் எடுக்குற அன்னைக்கு யாரும் தட்டலையே."

"ஒண்ணுதான. தெரியாது," என்றார் இன்னொருவர்.

"காலண்டரு கோதண்டபாணி சாரு டேபிளுக்கு எதுருலதான் தொங்கப் போவுது," என்றார் மாயவன். "தெனம் பாப்பாரு. ஒரு நா இல்லன்னா ஒரு நா எண்ணுவாரு." தங்கையைப் பார்த்தார். "எடுத்துரும்மா. அது ஒண்ணுதான் நேச்சுரலா இல்ல."

செல்வநாயகி அந்தப் பறவையைப் பெரிதாக்கிப் பார்த்தாள். ஒரு காலைத் தண்ணீரிலிருந்து பாதி தூக்கி, அடுத்த அடி வைக்கலாமா என்று யோசிப்பது போல நின்றது. கண் மட்டத்தில், நல்ல வெளிச்சத்தில், திருத்த எதுவுமே இல்லாமல் வந்திருந்தது. இப்படி ஒரு படம் அவளுக்கு இதுவரை அமைந்ததில்லை.

"சீக்கிரம்மா," என்றார் மாயவன். "பிரஸ்ஸுக்காரன் ஒக்காந்திருக்கான்."

அவள் பக்கத்திலிருந்து கொஞ்சம் தண்ணீரை எடுத்து அந்த இடத்தில் நிரப்பினாள். அலைகளைச் சேர்த்துவிட்டாள். ஐந்து பேரும் திரைக்குக் கிட்டே வந்து தேடிப் பார்த்தார்கள். எங்கே இருந்தது என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை. அவ்வளவு இயற்கையாக இருந்தது.